ஆணிமேல் சிவப்புப் புள்ளி

புள்ளி வட்டமாக இல்லை.

துப்பாக்கியை ஜீப்பின் முன்மூடிமேல், மடித்த கோட்டில் கிடத்தி, அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே எஸ்டேட் ஆபீஸின் வெள்ளைச் சுவர். சுவரில் ஓர் ஆணி. குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டியிருந்த ரெட் டாட் சைட்டின் கண்ணாடிக்குள், அந்த ஆணியின் மேல், சிவப்புப் புள்ளி. வியர்வையில் கரைந்த குங்குமம் மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

கீழே, தோட்டத் தொழிலாளர்களின் கடைசி லைன் வீட்டின் முன்னறையில், சிறுத்தை இருந்தது.

அதே வீட்டின் சமையலறையில் சகாயமேரி இருந்தாள். காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள், வாசல் வழியே அது நுழைவதைப் பார்த்துக் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறாள். பலகைக் கதவு. சமையலறைக்கு வேறு வழி கிடையாது.

"புதுசு மேடம். நேத்துதான் பெட்டியப் பிரிச்சு மாட்டினோம்," என்றார் ரேஞ்சர் சுந்தரவடிவேல்.

அவள் வனத்துறையின் கால்நடை மருத்துவர். துப்பாக்கிக்குள் குண்டு இல்லை, மயக்க ஊசி. அது தொடையில் இறங்க வேண்டும். ஒரு சாண் தள்ளினால் வயிறு. வலியெடுத்த மிருகம் வழி தேடும். பலகைக் கதவு எவ்வளவு தாங்கும்?

துப்பாக்கியை மெல்லச் சாய்த்தாள்.

புள்ளியின் வால் அதோடு சேர்ந்து சாயவில்லை. அப்படியே நின்றது.

அப்படியென்றால் கோளாறு சைட்டில் இல்லை. தன் கண்ணில்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மூடுபனி முத்து முத்தாகப் படிந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். புள்ளி வட்டமானது.

தலையை அப்படியும் இப்படியும் நகர்த்தினாள். புள்ளி ஆணியை விட்டு நகரவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தாள், கூட்டினாள். சிதறாமல் நின்றது.



சகாயமேரியின் கணவன் அருள்தாஸ் பக்கத்தில் வந்து நின்றான்.

"டாக்டரம்மா, அவளுக்கு எளைப்பு இருக்கு. அடுப்புப் பொக வேற."

அவனுக்குப் பின்னால், சரிவு முழுக்க ஜனம். கையில் கவாத்துக் கத்திகள், தடிகள். போன மழையில் கொழுந்து பறிக்கப் போன ஒருத்தியைச் சிறுத்தை கொன்றிருந்தது. இதுவா, வேறொன்றா என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. உள்ளங்கையின் அடிப்புறத்தால் சைட்டை ஒரு தட்டுத் தட்டினாள்.

பார்த்தாள்.

குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் இரும்பு முள் இன்னும் ஆணியின் மேல்தான் இருந்தது. சிவப்புப் புள்ளி அங்கே இல்லை. ஆணிக்குக் கீழே இறங்கியிருந்தது.

திருகுகளை முறுக்கிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தன. மறுபடி தட்டினாள். புள்ளி இன்னொரு இடத்துக்குப் போனது. அங்கேயும் வட்டமாக, தெளிவாக, ஆடாமல் எரிந்தது.

"இது வேண்டாம் சார். உள்ள என்னமோ கழண்டிருக்கு."

"உள்ள ஒரே இருட்டு மேடம். வெறும் முள்ள வச்சு என்ன தெரியும்?"

அவர் சொன்னது சரி. புள்ளி இருந்தால் இங்கிருந்தே, திறந்த வாசல் வழியாகச் சுட்டுவிடலாம். கறுத்த முள் இருட்டில் காணாமல் போய்விடும். அந்த வீட்டு ஜன்னல்வரைக்கும் போக வேண்டும்.

அவள் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒன்று விரலிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சைட்டை ரேஞ்சர் கையில் கொடுத்தாள். சுவரை ஒட்டியே இறங்கினாள். அவர் தன் துப்பாக்கியோடு பின்னால் வந்தார்.

ஜன்னலில் மரக்கம்பிகள்.

உள்ளே முதலில் இருட்டு. பிறகு இருட்டில் ஒரு பகுதி மூச்சு விட்டது.

குழலைக் கம்பிகளுக்கிடையே நுழைத்தாள். முள் தெரியவில்லை. எங்கேயும் தெரியவில்லை. சிறுத்தை எழுந்தபோது, மஞ்சள் தொடையின் மேல் முள் ஒரு கணம் தெரிந்தது.

தலையைத் திருப்பி அது அவளைப் பார்த்தது.

டப்.

உறுமல். பலகைக் கதவில் நகங்கள். கதவுக்கு அப்பால் சகாயமேரியின் குரல். மாதாவே, மாதாவே. நகங்கள் பிறாண்டின. இன்னும் பிறாண்டின.

பிறகு மெல்ல. பிறகு இல்லை.

அவள் உள்ளே போய், அது அசையவில்லை என்று பார்த்த பிறகே, கதவைத் தட்டினாள். சகாயமேரி இருமிக்கொண்டே, மேலே படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்து, சிறுத்தையைத் தாண்டி வந்தாள். வாசலில் அருள்தாஸ் அவளைப் பிடித்துக்கொண்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சரிவில் கூச்சல் எழுந்தது.

உள்ளே மருத்துவர் மண்டியிட்டு, சிறுத்தையின் கண்களை ஈரத்துணியால் மூடினாள். மூச்சைப் பார்க்க அடிவயிற்றில் கை வைத்தாள்.

ஈரம்.

ரத்தமோ என்று கையை எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

பால்.

குட்டிகள் பக்கத்தில்தான் எங்கோ இருக்கும். தேயிலைப் புதர்களுக்குள்.

வாசல் வழியே பார்த்தாள். கத்திகளோடும் தடிகளோடும் ஆட்கள் புதர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"கடுவனா, பொட்டையா டாக்டரம்மா?"

அவள் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். சிறுத்தையைத் தூக்கிப்போக ரேஞ்சர் கொண்டுவந்து போட்டிருந்த தார்ப்பாயை இழுத்து அதன் வயிற்றை மூடினாள்.

"கடுவன்," என்றாள்.

ரேஞ்சர் வந்து, தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.