வாசலில் பாலியேட்டிவ் வண்டி

கிட்ட வந்து இரு மக்கா, இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

பாறசாலையில் எங்கள் சந்துக்குள், படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ் வண்டி நுழைந்தால் அடுக்களைப் பேச்சுகூட நின்றுவிடும். அது நிற்கிற வீட்டில் சீக்கிரமே சாவுப் பந்தல் போடுவார்கள் என்று ஒரு பயம்.

அன்றைக்கு ரத்னாபாய் வீட்டு கேட்டில் நின்றது. உள்ளே அவள் புருஷன் சுவாமிதாஸ், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, கட்டிலில் கிடக்கிறார்.

ரத்னாபாய், கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் மகன் லிஜோவுக்குப் போன் போட்டாள்.

"வண்டியை வரச் சொன்னது நீதானே? டாக்டர் என்ன சொன்னாரு? எதை மறைக்கிற?"

"நான் இல்லம்மா. வண்டியைக் கூப்பிடட்டான்னு முன்னாடி ஒருக்கா கேட்டதுக்கே, அப்பாவுக்குச் சவப்பெட்டி அளவெடுக்கியான்னு கேட்டீங்க. பிறகு வாயைத் திறந்தேனா?"

அவள் நம்பவில்லை. பெற்ற பிள்ளையே கைகழுவிவிட்டான் என்று கேட்டை இறுக்கிப் பிடித்தாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு எலிசாள் வந்தாள். துக்க வீட்டுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலை, கக்கத்தில் ஜெபப் பாட்டுப் புத்தகம்.

"மூச்சு இருக்கா ரத்னா? சர்ச் உபதேசியாருக்குச் சொல்லி விட்டாச்சு."

"காலையில புட்டு தின்னாரு. நீ போ அக்கா."

வண்டியிலிருந்து நர்ஸ் நீது இறங்கினாள்.

"கேட்டைத் திறங்க அம்மச்சி."

"அவருக்கு ஒண்ணுமில்ல. வேற வீடு பாரு."

"சாகக் கிடக்கிறவங்களுக்கு மட்டுமா வாறோம்? அதெல்லாம் பழைய கதை. இன்னும் ரொம்ப வருஷம் இருக்க வேண்டியவங்க வீட்டுக்கும் போறோம். இந்த வீட்டிலிருந்துதான் போன் பண்ணி விளிச்சாங்க. வலி தாங்கலையாம்."

வலியா? தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ரத்னாபாயின் கை தானாகத் தாழ்ப்பாளை நீக்கியது.

நீது கட்டிலருகே குனிந்தாள். "போன் பண்ணினது நீங்கதானே அப்பச்சா? எங்க வலி?"

சுவாமிதாஸ் நல்ல கையைத் தூக்கி ரத்னாபாயைக் காட்டினார்.

"அவளுக்கு," என்றார் குழறலாக. "இடுப்பு. என்னைத் தூக்கித் தூக்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன்னா, உங்களை யாரு பார்ப்பான்னு கேப்பா. எனக்கு வலின்னு சொன்னாத்தான் கேட்டைத் திறப்பா."

"நோயாளியைப் பார்த்துக்கிறவங்களைக் கவனிக்கிறதும் எங்க வேலைதான்," என்றாள் நீது. "படுங்க அம்மச்சி, பார்க்கிறேன்."

எலிசாள் பாட்டுப் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"இருக்கிறது ஒரே கட்டில். நான் எங்க படுக்க?" என்றாள் ரத்னாபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சுவாமிதாஸ் அந்த ஒற்றைக் கையை ஊன்றி, மூச்சு வாங்கச் சுவரோரமாக நகர்ந்து, அவளுக்குப் பாதிக் கட்டிலை விட்டுக் கொடுத்தார்.