ஒரு பாட்டுக்கு முக்கால் மணி

"பிடிச்சதை எடுத்துக்கோ கண்ணு" என்றார் சுக்ரி. மகள் இனாஸுக்குச் சந்தேகம் தட்டியது.

அலெக்சாந்திரியாவின் அந்தக் கம்ப்யூட்டர் கடை வாசலை ஒரு வருடமாக மிதிக்க மறுத்தவர் அப்பா. இன்று அவராகவே, போன் லைன் வழியாக இன்டர்நெட் தரும் மோடம் வாங்க அழைத்து வந்திருக்கிறார் என்றால், ஐஸ் வைக்கிறார். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லப்போகிறார்.

அஸ்வானில் இருக்கும் தஹானி அத்தை தன் மகன் ரகப்புக்கு இனாஸைக் கேட்டிருந்தாள். குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த ரகப், வியாழக்கிழமை திரும்புவதற்குள் நிச்சயத்தை முடித்தாக வேண்டும். "இன்னிக்கு சாயங்காலம் போன் பண்றேன், சரின்னு மட்டும் சொல்லு" என்று தம்பிக்கு உத்தரவு போட்டிருந்தாள்.

அக்காவிடம் முடியாது என்று சொல்லி சுக்ரிக்குப் பழக்கமே இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும், போனில் அவள் குரல் கேட்டால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"எனக்கு அவனைப் பிடிக்கலைப்பா" என்று மூன்று நாளாக அழுது பார்த்துவிட்டாள் இனாஸ்.

கடைக்காரர் வஸ்ஃபி புது மோடத்தைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். "உங்ககிட்ட இருக்கிறதுல ஒரு பாட்டு இறங்க முக்கால் மணி ஆகும், உஸ்தாத். இதுல பத்தே நிமிஷம்."

"அந்த முக்கால் மணியும் வீட்டுக்கு போன் வராதா?"

"எப்படி வரும்? கூப்பிடறவங்களுக்கு என்கேஜ்டாத்தான் இருக்கும். மாமியார் செத்தாக்கூடச் சேதி வராது. அதுக்குத்தான் சொல்றேன், இதை வாங்கிட்டுப் போங்க."

சுக்ரி மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு மோடத்தைத் திருப்பித் தள்ளினார்.

"வேண்டாம். பழசே போதும்."

வஸ்ஃபியின் முகம் தொங்கிப் போயிற்று. இனாஸுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பிடிக்காதவன் தலையில் கட்டப்போகிறார், அதற்கு ஒரு மோடம்கூடக் கிடையாதா?

டிராம் நிறுத்தம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அத்தைகிட்ட என்னதான்பா சொல்லப் போறீங்க?"

அஸ்வானில் இருக்கும் அக்காவுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல சுக்ரி சுற்றுமுற்றும் பார்த்தார். மகள் காதருகே குனிந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பாட்டா இறக்கிக்கிட்டே இரு."