முதல் எண் மாறினால்

லப்பைக்குடிக்காடு ஜவுளிக்கடைக்குள் பூவரசன் நுழைந்தபோது பெருநாளுக்கு நான்கே நாள்தான் இருந்தது. இன்றைக்குள் ஒரு கடையிலாவது புது பில்லிங் சாஃப்ட்வேரை ஏற்றாவிட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வந்த விஷயத்தைக் கேட்டதும் கல்லாவில் இருந்த நஜீமா, "எந்த வெர்ஷன் நம்பரு கொண்டுவந்திருக்கீங்க?" என்றாள்.

"அஞ்சு புள்ளி பூஜ்யம்க்கா."

"நம்மகிட்ட இருக்கிறது நாலு புள்ளி ரெண்டு. பெருநாள் கழிச்சு வாங்க தம்பி."

"ஏன்க்கா, அஞ்சு உங்களுக்கு ராசி இல்லையா?" கடுப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்.

நஜீமா சிரித்துவிட்டாள். "நாலு புள்ளி மூணுன்னா இப்பவே போடச் சொல்லிருப்பேன். கூட ரெண்டு வசதி வந்திருக்கும், அவ்வளவுதான். முதல் நம்பரே மாறினா பழகுனதெல்லாம் மாறிடும். கூட்ட நேரத்துல பில்லு போடத் தெரியாம எல்லாரும் முழிக்கணும்."

"சாஃப்ட்வேரை எழுதினவங்க நம்பிக்கை இல்லாமலா அஞ்சுன்னு போட்டாங்க?"

"நம்பிக்கையெல்லாம் இருக்கு. அவசரப்படாம மாறுங்கன்னு சொல்லத்தானே அஞ்சுன்னு போட்டேன்!"

"போட்டேனா?"

"வூட்ல இருந்தே உங்க கம்பெனிக்கு இந்த சாஃப்ட்வேரை எழுதுறது நான்தான். போனைக் குடுங்க, உங்க மேனேஜர்கிட்ட நானே பேசுறேன்."

சொந்தச் சரக்கையே நேரம் பார்த்துத்தான் கடைக்குள் விடுகிற அந்த வியாபாரியிடம், பூவரசன் இரண்டு கையாலும் போனை நீட்டினான்.