வாரம் பதினைந்து

பதினான்காவது வாரத்தின் வெள்ளிக்கிழமை, ரக்னில்டின் கணினியைச் சரிசெய்ய அவள் தம்பி சிக்ஸ்டன் வந்தான். ஸ்வீடனின் உமியோவில் பள்ளி விடுமுறை முதல் பல் மருத்துவர் வரை எல்லாம், வருடத்தின் எத்தனையாவது வாரம் என்ற வார எண்ணில்தான் நடக்கும். ஃபைல்களின் தேதியையும் அப்படியே காட்டும்படி மாற்றச் சொன்னாள்.

"இனிமே உனக்குக் காலண்டரே வேணாம்," என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, காபி போடப் போனான்.

அவள் கணவன் தோர்கெலின் ஃபோல்டரைத் திறந்தாள். பல வருடங்களில் எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் வாரம் எட்டு என்று இருந்தது. இந்தக் குளிர்காலத்தின் எட்டாவது வாரத்தில்தான் உறைந்த ஏரியின் பனிக்கட்டி காலடியில் உடைந்து அவன் மூழ்கிப்போனான்.

மகள் டீராவின் ஃபோல்டரைத் திறந்தாள். பிறந்த அன்று எடுத்ததிலிருந்து நேற்று எடுத்தது வரை, எல்லாவற்றிலும் வாரம் பதினைந்து.

வெளியே டீரா வேலியோரப் பனியைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

சிக்ஸ்டன் கோப்பைகளோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"அடுத்த வாரமா? உன்னை மாதிரியே இதுக்கும் அவசரம்."

அவள் சிரிக்கவில்லை. அவன் குனிந்து மவுஸைப் பிடித்தான்.

"இதுல கிழமையும் நேரமும்கூட வரவைக்கலாம். வைக்கட்டுமா, அக்கா?"