மீசையும் எடுக்கணும்

எனக்கு அப்போது ஆறு வயது. தீர்த்தமலைக் கோயிலில் நாவிதர் கத்தியை எடுத்ததுமே வீறிட்டேன்.

"வலிக்காது சாமி. மொதல்ல நான் எடுத்துக் காட்டறேன் பாரு," என்றார் அப்பா.

"மீசையும் எடுக்கணும்," என்றேன்.

எடுத்தார். பிறகு நானும் மொட்டையடித்துக்கொண்டேன்.

மலையேற முடியாத தாத்தா அடிவாரத்தில் மாட்டுவண்டியிலேயே தூங்கிப்போயிருந்தார். ஈ மொய்க்காமல் இருக்க அம்மா முகத்தையும் சேர்த்துப் போர்த்திவிட்டாள். அப்படியே ஊர் திரும்பினோம்.

கிணற்றடியில் நின்ற எதிர்வீட்டுக் கண்ணம்மாள் அப்பாவைப் பார்த்தாள். வண்டியில் நீட்டிப் படுத்திருந்த தாத்தாவைப் பார்த்தாள்.

"ஐயோ, போறப்ப நல்லாத்தானே போனாரு!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஊரே கூடி ஒப்பாரி வைத்தது.

தாத்தா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். அழுகிறவர்களைப் பார்த்தார். மீசையில்லாத மகனைப் பார்த்தார்.

"ஏன்டா மாது, நான் எப்ப செத்தேன்?"