ஒத்தடம்

அடுத்த குண்டான் வெந்நீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

இடது கையால்தான். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

அவன் காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பிளாஸ்டிக் பம்பரின் இடது முனை நசுங்கி உள்ளே போயிருந்தது. அதன்மேல் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பழைய துண்டை நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தான்.

தன் புருஷன் கைக்கு ஒன்றை இவ்வளவு மெதுவாகத் தொடத் தெரியும் என்பது, கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.



நேற்று அம்மாவைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பியவள், வண்டியை உள்ளே விடும்போது கேட் தூணில் இடித்துவிட்டாள். அவன் பம்பரைத் தடவிப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கினான்.

உள்ளே ஏதோ மளுக்கென்றது. இரண்டு பேருக்கும் கேட்டது.

"இது பழையபடி வரணும். வரலைன்னா அந்தக் கையும் இப்படித்தான்."

சொன்னால் செய்கிறவன். அந்த விஷயத்தில் மட்டும் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

ஒத்தடம் கொடுத்துக்கொள்ள ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கக்கூட நேற்று அவளை விடவில்லை.

கேட்டை அகலத் திறந்து போட்டிருந்தான். தெருவே பார்க்கட்டும் என்று.

எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு நின்றார். "என்ன தம்பி, வீட்டுலயே வேலையா?"

"ஆமாண்ணே. பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா வேற என்ன ஆகும்?"

இருவரும் சிரித்தார்கள். அவர் பார்வை அவளுடைய மணிக்கட்டில் கொஞ்சம் நின்றது. பிறகு பால் பாக்கெட்டுக்குத் திரும்பியது. நல்ல மனுஷர். ஊர் வம்புக்குப் போகாதவர்.

பம்பர் இளகியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே இழுத்தான்.

அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது. விளிம்புக்குக் கீழே மெல்லிய விரிசல். அவன் இழுக்க இழுக்க நீண்டது.

அவன் இன்னும் பார்க்கவில்லை.

அவள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து தள்ளினால்தான் வரும். கையை விட முன்சக்கரம் இடம் கொடுக்கவில்லை. சாவியை அவள் பக்கம் வீசினான்.

"ஏறி ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடி."

ஏறினாள். ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தாள். இறுகிக் கிடந்தது. வலது கையையும் வைத்தாள். உயிர் போனது.

"முடியலைங்க."

"எதுக்குத்தான் ஆவ நீ? ஸ்டார்ட் பண்ணித் திருப்பித் தொலை."

ஸ்டார்ட் செய்தாள். ஸ்டியரிங் லேசாகச் சுற்றியது. சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே அவன் தோள்வரை கையை விட்டான். குனிந்தபோது தலை மறைந்தது.

"ஏய்."

குரல் மாறிவிட்டது. விரிசலைப் பார்த்துவிட்டான்.

"ஏய், இறங்கு கீழ."

அவள் இறங்கவில்லை.

கியரை முன்னால் தள்ளினால் அவன். பின்னால் இழுத்தால் தெரு.

முன்னால் தள்ளத்தான் கை போனது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பின்னால் இழுத்தாள்.

வண்டி துள்ளிப் பாய்ந்தது. பம்பர் படபடவென்று பிய்ந்து வந்தது. அவன் அலறினான். வண்டியின் பின்பக்கம் தூணைத் தேய்த்துக்கொண்டே போனது. தேயட்டும்.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தெருவில் வண்டியை நேராக்கினாள். மணிக்கட்டு வலிக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அவன் ஓடிவந்து குறுக்கே நின்றான். தோளிலிருந்து முழங்கைவரை ரத்தம். இரண்டு கையாலும் பம்பரைத் தலைக்குமேல் ஓங்கியிருந்தான்.

"இறங்குடி!"

நகர மாட்டான். இத்தனை நாளும் நகர்ந்தது அவள்தான்.

முதல் கியரைப் போட்டாள்.

ஹாரன் அடித்தாள்.

ஒரு தடவை.