நெளிந்துபோன பட்டி

பனியன் துணியில் கழுத்துப் பட்டியைச் சுருக்கமில்லாமல் தைக்க, கொடைக்கானல் பஜாரில் சபுராவை விட்டால் ஆளில்லை. அவளுடைய அத்தா ஒலியுல்லாவின் கடை அந்தக் கையை நம்பித்தான் நடந்தது.

அந்த வாரம் அவள் தைத்த குழந்தைச் சட்டைகளில் எல்லாம் பட்டி அலை அலையாக நெளிந்தது.

“என்னம்மா, கையி கெட்டுப்போச்சா?”

“இனிமே எனக்கு வராதுத்தா. வேற ஆளு பாருங்க.”

ஒலியுல்லா சட்டைகளை வாரி ஒளிப்பதற்குள், ஏரிக்கரை பங்களாவிலிருந்து வாடிக்கைக்கார அம்மாள் வந்துவிட்டார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புது ஃபேஷனா? பூ மாதிரி இருக்கே. ஸ்கூல் டான்ஸுக்கு இதே மாதிரி நாப்பது வேணும்.”

அவர் போனதும் ஒலியுல்லா மகளிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பழனி மாப்பிள்ளை வீட்டாரை இன்னும் ரெண்டு வருசம் பொறுக்கச் சொல்லிர்றேன். ஒன்னைய அனுப்பிட்டு இந்தத் தையலுக்கு நான் எங்க போவேன்?”

சபுரா தலையைக் குனிந்துகொண்டாள். கை கெட்டுப்போனதென்று நினைத்தாலாவது அத்தா நிக்காஹுக்குச் சம்மதிப்பார் என்றுதான், அத்தனை பட்டியையும் வேண்டுமென்றே இழுத்துப் பிடித்துத் தைத்திருந்தாள்.